ஒரு பெரிய பிஎல்சியா, பத்து சின்ன பிஎல்சியா? டேனரி தண்ணி பிளாண்ட்டுக்கு டேட்டாவை எங்க வைக்கறது, லோடை எதுல பிரிக்கறது

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு நம்ம பக்கம் ஆட்டோமேஷன் வேலை பாக்கறவங்க எல்லார் கிட்டயும் இந்தக் கேள்வி வந்திருக்கும். டேனரி (தோல் பதனிடற தொழிற்சாலை) தண்ணி பிளாண்ட்ல பழைய பேனலைத் தூக்கிட்டு புதுசு போடணும் (பேனல்னா பம்ப்பு, மீட்டரை எல்லாம் தானா ஓட்டற பிஎல்சிங்கற கன்ட்ரோலர் கம்ப்யூட்டர் இருக்கற பெட்டி), ஒரு வெண்டர் வந்து எல்லாத்தையும் ஒரே பெரிய கன்ட்ரோலர்ல போட்டுடலாம் சார்ங்கறான், அடுத்தவன் லேப்டாப்பைத் தொறந்து டிஸ்ட்ரிபியூட்டடு, கிளஸ்டர், லோட் பேலன்ஸிங்னு (வேலைய ஒண்ணுலயே குவிக்காம பல கம்ப்யூட்டருக்குப் பிரிச்சுக் குடுக்கறது) ஸ்லைடு ஸ்லைடா காட்றான், ரெண்டு பேரும் போனப்புறம் ஓனர் நம்ம பக்கம் திரும்பி "இன்னாப்பா பண்லாம்"னு கேக்கறாரு. அவருக்குச் சொல்ற மாதிரியே இங்க எழுதறேன்.

மனசுல ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தை வச்சுக்குங்க. பல டேனரிகள்ல இருந்து கழிவுத் தண்ணி கலெக்‌ஷன் சம்ப்புக்கு வருது, அங்கருந்து தண்ணியக் கலந்து சமமாக்கற ஈக்வலைசேஷன் டேங்க், கசடை அடியில படிய வைக்கற கிளாரிஃபையர், காத்து ஊதற ஏரேஷன், அப்பால உப்பை வடிகட்டற ஆர்ஓ, கடைசில மீதியைக் காய்ச்சி வத்த வைக்கற எவாப்பரேட்டர். சம்ப்புக்கும் மெயின் பிளாண்ட்டுக்கும் நடுவுல நல்ல தூரம். 1996-ல சுப்ரீம் கோர்ட் டேனரி கழிவால பாலாறு கெட்ட கேஸ்ல தீர்ப்பு சொன்னதுல இருந்து இந்தத் தண்ணி விஷயம் யாருக்கும் விளையாட்டு இல்ல, 2014-க்கு அப்புறம் டேனரி மாதிரி தொழிலுக்கெல்லாம் ஆன்லைன் மானிட்டரிங் கட்டாயம்னு ஆனதால மீட்டர் ரீடிங் நேரா மாசு கட்டுப்பாட்டு போர்டு சர்வருக்குப் போகுது. அதனால டேட்டா நடுவுல விட்டுப்போச்சுன்னா அது மெயின்டனன்ஸ் ஆள் பாடு மட்டும் இல்ல, ஓனரும் பதில் சொல்லணும்.

முதல் ஆப்ஷன், எல்லாம் ஒரே எடத்துல. ஒரு பெரிய பிஎல்சி, ஒரு ஸ்காடா பிசி (பிளாண்ட் மொத்தத்தையும் ஸ்கிரீன்ல காட்டறது), மத்த ட்ரைவ் (மோட்டார் ஸ்பீடை மாத்தற பெட்டி), மீட்டர் எல்லாத்தையும் ஆர்எஸ்-485ங்கற ஒயர்ல மோட்பஸ்ங்கற பாஷைல வரிசையா கேட்டு கேட்டு வாங்கறது. மோட்பஸ் 1979-ல வந்தது, இன்னைக்கும் நம்ம பிளாண்ட்டுகள்ல பாதி அதுலதான் ஓடுது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு போட்டுப் பாக்காம ஒரே லூப்ல எல்லாத்தையும் கோத்து விடறாங்க பாருங்க, அதுதான் பிரச்சனை.

கணக்கு இது. 9600 பாட்ல, அதாவது செகண்டுக்கு 9600 பிட் வேகத்துல, ஒரு பைட் போக கிட்டத்தட்ட 1.15 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு ட்ரைவ் கிட்ட 10 ரெஜிஸ்டர் (ரீடிங் இருக்கற எடம்) கேட்டா கேள்வி 8 பைட், பதில் 25 பைட், மொத்தம் 33 பைட், அதுக்கே 38 மில்லிசெகண்ட் போச்சு. நடுவுல விட வேண்டிய கேப், ட்ரைவ் யோசிச்சு பதில் சொல்ற நேரம் எல்லாம் சேத்தா 60-ன்னு வைங்க. 20 ட்ரைவ் இருந்தா ஒரு ரவுண்டுக்கு 1.2 செகண்ட். பரவாயில்லதான். இப்ப ஒரு ட்ரைவை எலெக்ட்ரீஷியன் ஐசொலேட்டர் போட்டு ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்கறாரு, டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கற நேரம்) 1 செகண்ட், மூணு தடவை கேக்கணும்னு செட் பண்ணியிருக்கு. அவ்ளோதான், அந்த ஒரு செத்த ட்ரைவுக்காக ஒவ்வொரு ரவுண்டும் 3 செகண்ட் சும்மா காத்துக்கிட்டு நிக்குது, மீதி 19 ட்ரைவோட டேட்டாவும் 4 செகண்ட் பழசு. அந்த மாதிரி நாலு ட்ரைவ் ஷட்டவுன்ல இருந்தா? ஆபரேட்டர் போன் பண்ணி "சார், ஸ்கிரீன்ல பம்ப்பு ஓடுதுன்னு காட்டுது, அங்க போய் பாத்தா ஆஃப்ல கீது"ன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான், உடனே ஸ்காடா சரியில்லன்னு பேரு வந்துடும்.

இதுக்கு கிளஸ்டர் எல்லாம் வேணாங்க. அந்த 20 ட்ரைவை நாலு போர்ட்டா (தனித்தனி ஒயர் லைன்) பிரிங்க, ஒவ்வொண்ணுல அஞ்சு. டைம்அவுட்டை 200 மில்லிசெகண்டுக்குக் கொண்டு வாங்க, பதில் சொல்லாத ட்ரைவை ஒதுக்கி வச்சு 30 செகண்டுக்கு ஒரு தடவை மட்டும் தட்டிப் பாருங்க. லோட் பேலன்ஸிங்ல ரொம்ப சீப்பானது இதுதான், ஸ்லைடுல மட்டும் வராது.

இந்த ஒரே எடம் மாடலுக்கு நம்ம ஊர்ல ஒரு தனி பலம் இருக்கு, வெளியூர் கன்சல்டன்ட் யாரும் அதைச் சொல்றதில்ல. சுண்ணாம்பு போடற ஸ்டேஜ்ல சோடியம் சல்ஃபைடு சேக்கறாங்க இல்லையா, அந்தத் தண்ணி இருக்கற எடத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாசனை இருந்துக்கிட்டே இருக்கும். அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் சும்மா விடாது. சம்ப் பக்கம் கொஞ்ச நாள் இருந்த பேனலைத் தொறந்து பாருங்க, எர்த் பஸ்பார் (செம்புப் பட்டை) கரேல்னு இருக்கும், ரிலே கான்டாக்ட்ல கறுப்பு படிஞ்சு சிக்னல் விட்டு விட்டு வரும், ஃபெர்ரூல் (முனைக்கு மாட்டற உறை) போடாத ஒயரோட முனை எல்லாம் கறுத்துப்போய் இருக்கும். மேல வேலூர் வெயில் வேற. ஏசி ரூம்ல கதவைச் சாத்தி வச்ச ஒரே பேனல் இதுல இருந்து தப்பிச்சுக்கும். பத்து பேனலா பிரிச்சு ஒவ்வொண்ணையும் டேங்க் ஓரமா வைக்கறேன்னு கிளம்பறவங்க, கோட்டிங் போட்ட கார்டு, சீல் பண்ண கேபிள் என்ட்ரி, சுத்தமான காத்து உள்ள தள்ற ஏற்பாடு இதுக்கெல்லாம் காசு வச்சுட்டு அப்புறம் பேசணும்.

ரெண்டாவது ஆப்ஷன், ஏரியாவுக்கு ஒரு சின்ன பிஎல்சி. சம்ப்புக்கு ஒண்ணு, ஏரேஷனுக்கு ஒண்ணு, ஆர்ஓவுக்கு ஒண்ணுன்னு, அந்தந்த ஏரியா டேட்டாவுக்கு அந்தந்த பிஎல்சிதான் சொந்தக்காரன், மத்தவன் கேட்டு வாங்கிக்கணும். இது ஒண்ணும் புது ஐடியா இல்ல, ஹனிவெல்லோட டிடிசி 2000-மும் யோகோகாவாவோட சென்டமும் 1975-லயே இந்தப் பேச்சோடதான் வந்துச்சு. இப்ப மாறினது என்னன்னா டேட்டா எந்த ரூபத்துல வெளிய வருதுங்கறதுதான். மோட்பஸ்ல 40017-ன்னு ஒரு நம்பர் வரும், அது பிஎச்-சா, லெவலா, பத்தால வகுக்கணுமான்னு எங்கயோ ஒரு எக்ஸெல் ஷீட்ல இருக்கும், அந்த ஷீட் வேலைய விட்டுப் போனவரோட லேப்டாப்ல இருக்கும். ஓபிசி யூஏன்னு இப்ப வர்ற பாஷைல அப்படி இல்ல, டேக் (ஒரு ரீடிங்கோ சிக்னலோ) கூடவே அதோட பேரு, யூனிட், ரேஞ்ச், இந்த வேல்யூவை நம்பலாமாங்கற குவாலிட்டி, எடுத்த நேரம் எல்லாம் சேந்தே வருது. ஒரு பம்ப்புக்கு ஒரு தடவை டைப் எழுதிட்டா 40 பம்ப்புக்கும் அதே அச்சு. மாறினா மட்டும் சொல்லு, இவ்ளோ மாறினா மட்டும் சொல்லுன்னு டெட்பேண்டும் வைக்கலாம்.

ஆனா இங்கதான் லோடு வேற ரூபத்துல வந்து உக்காரும். ஓபிசி யூஏ சர்வர் ஓடறது அந்தச் சின்ன பிஎல்சிக்குள்ள. ஸ்காடா ஒரு கனெக்‌ஷன், ரிப்போர்ட் பிசி ஒண்ணு, போர்டுக்கு அனுப்பற லாக்கர் ஒண்ணு, ஓனரோட மொபைல் ஆப்புக்கு ஒண்ணுன்னு ஆளாளுக்கு நேரா பிஎல்சியையே போய் தட்டினா அது கன்ட்ரோல் வேலையைப் பாக்குமா, இவங்களுக்குப் பதில் சொல்லுமா? சீமென்ஸ் எஸ்7-1500-ல கம்யூனிகேஷனுக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கலாம்னு ஒரு செட்டிங் இருக்கு, டிஃபால்ட்டா 50 சதவீதம். அப்படியே விட்டா 10 மில்லிசெகண்ட்ல முடிய வேண்டிய சைக்கிள் (புரோகிராம் ஒரு சுத்து ஓடறது), டேட்டா கேக்கறவன் கூட்டம் அதிகமாச்சுன்னா 20 வரைக்கும் இழுத்துக்கும். தண்ணி பிளாண்ட்டுக்கு 20 ஒரு பிரச்சனையே இல்லன்னு நீங்க சொல்லலாம், சரிதான், ஆனா ஆர்ஓ ஹை பிரஷர் பம்ப்போட ட்ரிப் லாஜிக்கும் (ஆபத்துன்னா பம்ப்பை நிறுத்தற புரோகிராம்) அதே சைக்கிள்லதான் ஓடுது, அதை மறந்துடாதீங்க. நடுவுல ஒரே ஒரு கலெக்டர் சர்வர் வச்சு அது மட்டும் பிஎல்சி கிட்ட பேசணும், மத்தவங்க எல்லாரும் அது கிட்ட பேசணும்னு கட்டிட்டா இது தீந்துடும்.

மூணாவது எம்க்யூடிடிங்கற மெசேஜ் அனுப்பற பாஷை, கூட அதுல டேட்டாவை எப்படி அனுப்பணும்னு வகுத்த ஸ்பார்க்பிளக். எம்க்யூடிடி 1999-ல எண்ணெய் பைப்லைனை சாட்டிலைட் லிங்க்ல கண்காணிக்கறதுக்காகப் பண்ணது, அதனால மெல்லிசான லிங்க்குக்கு அம்சமா பொருந்தும், தூரத்துல சிம் கார்டுல ஓடற கலெக்‌ஷன் சம்ப்புக்கு இதை விட நல்லது நான் பாக்கல. நடுவுல மெசேஜை வாங்கி வேணுங்கறவங்களுக்குக் குடுக்கற புரோக்கர், பிஎல்சி பக்கம் டேட்டாவை எடுத்து அனுப்பற ஒரு கேட்வே, மாறினதை மட்டும் அனுப்பும், லிங்க் அறுந்துட்டா புரோக்கரே மத்தவங்களுக்கு இவன் செத்துட்டான்னு அறிவிச்சுடும். லிங்க் அறுந்ததால "ஸ்கிரீன்ல ஓடுது, அங்க ஆஃப்"னு ஆகற கேஸ் இதுல வராது, ஏன்னா பழைய வேல்யூ பழசுன்னு தெரிஞ்சுடும். புதுசா ஒரு ஆளுக்கு டேட்டா வேணும்னாலும் பிஎல்சிய தொட வேணாம், புரோக்கர் கிட்ட கேட்டா போதும்.

இதுல லோட் பேலன்ஸிங்னு விக்கறது ஷேர்டு சப்ஸ்கிரிப்ஷன், எம்க்யூடிடி 5-ல வந்தது. ஒரே டாப்பிக்கை (மெசேஜோட தலைப்பு) ரெண்டு மூணு ரிசீவர் பங்கு போட்டு வாங்கிக்குவாங்க. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா ஸ்பார்க்பிளக்ல ஒவ்வொரு மெசேஜுக்கும் 0-ல இருந்து 255 வரைக்கும் வரிசை நம்பர் இருக்கு, வாங்கறவன் அந்த வரிசை விட்டுப்போகுதான்னு பாக்கணும். பங்கு போட்டா ஒருத்தனுக்கு 11, 13, 15, இன்னொருத்தனுக்கு 12, 14-ன்னு போய், ரெண்டு பேருமே டேட்டா தொலைஞ்சுபோச்சுன்னு நெனச்சு மறுபடி மொத்தத்தையும் அனுப்பச் சொல்லிக் கத்துவாங்க. லோடு குறையறதுக்குப் பதிலா ஏறும். அதனால ஏரியா வாரியா பிரிங்க, சம்ப் டேட்டா எல்லாம் ஒரு ரிசீவருக்கு, ஆர்ஓ எல்லாம் இன்னொண்ணுக்கு, வரிசை குலையாது. சத்தியமா சொன்னா சில ஆயிரம் டேக் இருக்கற பிளாண்ட்டுக்கு ஒரு சாதாரண பிசில மஸ்கிட்டோங்கற இலவச புரோக்கர் போட்டாலே போதும், அது கிளஸ்டர் ஆகாது, ஆக வேண்டியதும் இல்ல.

எம்க்யூடிடி மேல எனக்கு இருக்கற ஒரே கண்டிஷன், அது வழியா எந்த இன்டர்லாக்கும் (ஆபத்துன்னா தானா நிறுத்தற ஏற்பாடு) போகக் கூடாது. சல்ஃபைடு தண்ணியோட ஆசிட் கலந்துச்சுன்னா விஷ வாயு கிளம்பும், மனுஷன் செத்துப்போற விஷயம். கேஸ் டிடெக்டர் அடிச்சா ஆசிட் டோசிங் பம்ப்பை நிறுத்தறது அந்த ஏரியாவோட பிஎல்சிக்குள்ளயே, முடிஞ்சா நேரா ஹார்டு ஒயர்லயே இருக்கணும். புரோக்கர் ரீஸ்டார்ட் ஆகறவரைக்கும் அது காத்திருக்காது.

டிடிஎஸ்னு (DDS, தண்ணியோட உப்பு அளவு TDS இல்ல) நாலாவது ஒண்ணு இருக்கு, புரோக்கரே இல்லாம நேருக்கு நேர் பேசறது, ரோபோட் பக்கம் நல்லா ஓடுது. நம்ம பிளாண்ட்ல அதை யார் சர்வீஸ் பண்ணுவான்னு யோசிச்சா அங்கயே முடிஞ்சுது.

கடைசி ஆப்ஷன் ஐஇசி 61499, 2005-ல வந்த ஸ்டாண்டர்டு. புரோகிராமை பிளாக் பிளாக்கா எழுதி எந்த பிளாக் எந்த கன்ட்ரோலர்ல ஓடணும்னு அப்புறமா முடிவு பண்ணலாம், இங்க லோடு அதிகமானா அங்க தூக்கி வைக்கலாம். ஐடி ஆளுங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா வெப் சர்வர்ல அப்படித்தான் பண்றாங்க, எந்த ரிக்வெஸ்ட் எந்த சர்வருக்குப் போனாலும் ஒண்ணுதான். கன்ட்ரோல் லூப் (சென்சாரைப் படிச்சு அதுக்கேத்த மாதிரி மோட்டாரை மாத்திக்கிட்டே இருக்கற வேலை) அப்படி கிடையாது. சென்சார் ஒயர் அந்தப் பேனலோட கார்டுலதான் முடியுது, லூப்பை வேற எடத்துக்குத் தூக்கினாலும் ஒயர் வராது, ரீடிங் நெட்வொர்க்ல சுத்திட்டுதான் போகணும். அதோட பிஐடிக்குள்ள (அந்த லூப் போடற கணக்கு) இது வரைக்கும் சேத்து வச்ச இன்டெக்ரல் கணக்கும் கூடவே போகணும், இல்லன்னா மாத்தற நேரத்துல காத்து ஊதற ப்ளோயரோட ஸ்பீடு குதிக்கும்.

லூப் அந்தந்த எடத்துலயே ஓடணும்ங்கறதுக்கு உதாரணம் நம்ம ராணிப்பேட்டையிலயே இருக்கு. இங்க பெல் (BHEL) ஃபேக்டரில பண்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் பிரெசிபிடேட்டரை எடுத்துக்குங்க, அதான் பவர் பிளாண்ட் புகைல சாம்பல் பிடிக்கற பெட்டி. அதுல ஃபீல்டு ஃபீல்டா (பெட்டிக்குள்ள ஒவ்வொரு பகுதியும் ஒரு ஃபீல்டு) தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர் (ஹை வோல்டேஜ் சப்ளை), ஒவ்வொண்ணுக்கும் தனி கன்ட்ரோலர். ஸ்பார்க் அடிச்சா அடுத்த அரை சைக்கிள்லயே, அதாவது 50 ஹெர்ட்ஸ்ல 10 மில்லிசெகண்டுக்குள்ள, ஃபயரிங்கை (அந்த ஃபீல்டுக்குக் கரண்ட் விடறதை) நிறுத்தணும். அதை எந்த சென்ட்ரல் கம்ப்யூட்டர் கிட்டயும் கேட்டுட்டு இருக்க முடியாது. மேல இருக்கறது செட்பாயின்ட் மாத்தி கரண்ட் மிச்சம் பண்ற வேலைய மட்டும் பாக்கும், அது செத்துப்போனாலும் ஃபீல்டு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஓனர் கிட்ட நான் சொல்றது இதுதான்: கன்ட்ரோலுக்கு ரெண்டாவது (ஏரியாவுக்கு ஒரு பிஎல்சி), டேட்டா வெளிய போறதுக்கு மூணாவது (எம்க்யூடிடி). லோடு பிரிக்கறதை எல்லாம் படிக்கற பக்கத்துல, ரிப்போர்ட், டாஷ்போர்டு, போர்டு அப்லோடு அங்க வச்சுக்குங்க, லூப் பக்கம் கொண்டு வராதீங்க. பேனல் எண்ணிக்கையையும் வெண்டர் சொல்ற பத்து வேணாம், மூணு நாலுல நிறுத்துங்க, சல்ஃபைடு இருக்கற எடத்துல பிஎல்சி வைக்காம வெறும் ரிமோட் ஐஓ பாக்ஸ் (சென்சார் ஒயரை வாங்கி பிஎல்சிக்கு அனுப்பற பெட்டி) மட்டும் வச்சு ஃபைபர்ல இழுத்துடுங்க, இடி இறங்கினாலும் ஃபைபர்ல ஏறி வராது. ஒரே ஒரு தனி டேனரி, அஞ்சாறு பம்ப்பு, ரெண்டு ப்ளோயர்னா இந்தக் கதை எதுவும் வேணாம், முதல் ஆப்ஷனே சரி, போர்ட்டை மட்டும் பிரிச்சுக்குங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வெண்டரை ஒரு டெஸ்ட் காட்டச் சொல்லுங்க: மெயின் கரண்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். ஈபி சப்ளை வந்ததும் எல்லா கேட்வேயும் ஒரே நேரத்துல எழுந்து மொத்த டேக் லிஸ்ட்டையும் புரோக்கர் மேல கொட்டும், சாதாரண நாள்ல வராத லோடு அந்த ஒரு நிமிஷத்துலதான் வரும். கேட்வேக்கு கேட்வே சில செகண்ட் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் ஆகுதா, கரண்ட் இல்லாதப்ப சேந்த ரீடிங் அப்பால சரியான நேரத்தோட போய் சேருதான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.