பழைய லாரிக் களத்தின் மேல் ஒரு குதிரையேற்றத் திடல்: ஓசூர் ஒப்பந்ததாரரின் பணி எப்படி இருந்தது?

கெலமங்கலம் சாலையில் உள்ள எங்கள் தோட்டத்தில், மாங்காய் லாரிகள் நிற்பதற்காக முன்பு ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டி இறுக்கிய களம் ஒன்று நெடுநாளாகச் சும்மா கிடந்தது. அதன் மேல் மணலைப் பரப்பினாலே, குழந்தைகள் குதிரையேற்றம் பழக 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட திடல் அமைந்துவிடும் என்று எண்ணி, ஓசூரைச் சேர்ந்த மண்வேலை ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்தேன். வேலை முடிந்து ஐப்பசி மழையும் கடந்துவிட்டதால், இதே முயற்சியில் இறங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

அவர் செய்த முதல் காரியமே என் மதிப்பைப் பெற்றது. விலை பேசும் முன்பே ஒரு டேங்கர் தண்ணீரைக் களத்தில் விடச் சொல்லி, மறுநாள் காலையில் எங்கெல்லாம் நீர் தேங்கி நின்றதோ அங்கெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் வட்டமிட்டார். இறுகிய தளம் நீரை உறிஞ்சாது. மேலே விழும் மழை மணலுக்கு அடியில் தங்கினால், மணல் சேறாகிக் குதிரை வழுக்கும். ஆகவே பள்ளங்களைக் கொத்திக் கிளறி, புது ஜல்லிக்கலவை இட்டு, தண்ணீர் தெளித்து மீண்டும் ரோலர் ஓட்டினார். அகலவாட்டில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு வரும்படி, அதாவது ஒரு ஓரம் மற்றதைவிட 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி மட்டம் பார்த்தார். தாழ்ந்த ஓரத்தில் வாய்க்கால் வெட்டித் துளையிட்ட குழாய் பதித்து, மேலே ஜல்லியை நிரப்பினார். இரவு முழுவதும் மழை கொட்டிய ஒரு நாளின் மறுநாள் மாலையிலேயே குழந்தைகள் சவாரி செய்தார்கள் என்றால், அதற்கு இந்த வேலைதான் காரணம்.

மணல் விஷயத்தில்தான் அவர் என்னை வருந்த வைத்தார். கழுவிய எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்று பேசியிருந்தும், முதலில் வந்த லோடுகளில் கிரஷர் தூள், அதாவது கருங்கல்லை உடைக்கும்போது வரும் நுண்தூள், மிகுதியாகக் கலந்திருந்தது. கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கி வைத்தபோது, மணலின் மேல் வண்டல் தடித்துப் படிந்ததே அதற்குச் சான்று. கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா, குதிரையின் நுரையீரலுக்கும் ஏறுபவரின் நுரையீரலுக்கும் கேடு விளைவிப்பது. வாக்குவாதத்துக்குப் பிறகே அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்; ஏற்றிச் செல்லும் கூலியை நான்தான் கொடுத்தேன்.

ஆழத்தைப் பற்றியும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அவர் நான்கு அங்குலம், அதாவது ஏறக்குறைய 28 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) மணல் போட விரும்பினார். நான் இரண்டு அங்குலத்தில், 14 யூனிட்டில் நிறுத்தச் சொன்னேன். மணல் மிக ஆழமானால் குதிரையின் காலில் உள்ள தசைநாண்கள் இழுபட்டு நோகும். மிகக் குறைந்தால் இறுகிய தளத்தின் அதிர்ச்சி குளம்பு வழியே மூட்டுகளுக்கு ஏறும். கொட்டிய மணலை அள்ளுவது கடினம், சேர்ப்பது எளிது என்பதால் குறைவாகத் தொடங்கியதே சரி என்று இப்போதும் நினைக்கிறேன். 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்ட மத்திகிரிப் பண்ணை இருக்கும் வட்டாரத்தில், இதையெல்லாம் அறிந்து சொல்ல ஒருவர் அகப்படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஓரத்துக்கு நம் பகுதி வழக்கப்படி கல்கால் நட்டுவிடலாம் என்றார். விழும் குழந்தையின் தலை கல்லில் படக்கூடாது என்று மறுத்துவிட்டேன். தைலமரப் பலகையை முனை மழுக்கிப் பொருத்திக் கொடுத்தார், நேர்த்தியாகவே செய்தார்.

வாரம் இருமுறை தண்ணீர் தெளித்து, டிராக்டரில் பரம்படித்து வருகிறோம். குதிரைகள் ஓரமாகவே சுற்றுவதால் அங்கே மணல் மெலிந்து தளம் தட்டுப்படத் தொடங்கியிருக்கிறது. தை பிறந்ததும் இன்னும் அரை அங்குலம் சேர்க்க அவரையே அழைத்திருக்கிறேன்; இம்முறை நானே கிரஷருக்குச் சென்று, புட்டியில் குலுக்கிப் பார்த்த பிறகே லாரியில் ஏற்றச் சொல்வேன்.