சகூத்திங்கா, பினாசுவானா?

பிலிப்பைன்ஸின் இந்த இரண்டு நாட்டுப்புற நடனங்களில் எதைப் பழகலாம் என்று குழம்புகிறீர்களா?

பின்னணி: சகூத்திங் ஆப்ரா மாகாணத்தின் இலோக்கானோ இன மக்களின் ஆட்டம். கிறிஸ்தவ இலோக்கானோக்களும் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் மோதுவதுபோல் குச்சிகளோடு பாவனைச் சண்டை. முன்பு ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போய் ஆடி, காசோ தின்பண்டமோ வாங்கி வருவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் இது. பினாசுவான், பங்கசினான் மாகாணத்தில் உள்ள பாயம்பாங் ஊருடையது. கல்யாண விருந்துகளில் களைகட்டும்.

செலவு: சகூத்திங்குக்கு ஆளுக்கு இரண்டு குச்சி. பினாசுவானுக்கு மூன்று கண்ணாடி டம்ளர், உடைந்தால் வேறு.

பயிற்சி: சகூத்திங்குக்குத் தாளம் பிடிபட்டால் போதும். பினாசுவானில் தலையில் ஒரு டம்ளர், உள்ளங்கைக்கு ஒன்று. அவற்றில் இருக்கும் அரிசி மது சிந்தாமல் தரையில் உருளவும் வேண்டும்.

பிள்ளைகள் கூட்டமாக ஆட சகூத்திங்தான். மாதக்கணக்கில் பழகப் பொறுமை இருந்தால், சரி, பினாசுவான்.