பாண்டில "பிரெஞ்சுக்காரர் குடுத்துட்டுப் போன" ரவுண்ட் பேக் கிட்டார் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

கடை பேரு போடல. தெரிஞ்ச வக்கீல் அண்ணன் ஒருத்தர் இப்போதைக்கு வேணாம்டான்னாரு, அதனால இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. நடந்ததை முழுசா எழுதுறேன், நாளைக்கு நீங்க பழைய கிட்டார் பாக்கப் போனா கடைக்காரர் வாயைத் திறந்ததுமே உங்களுக்கே புரிஞ்சிடும் இவர்தான் அவர்னு.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். ஞாயித்துக்கிழமை சர்ச் குவயர்ல வாசிப்பேன், எப்பயாவது கல்யாண ரிசப்ஷன்ல ஆள் பத்தலன்னா கூப்பிடுவாங்க, அவ்ளோதான் நம்ம ரேஞ்சு. ரவுண்ட் பேக் கிறுக்கு சின்ன வயசுலயே புடிச்சது. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு ஒரு லைட் மியூசிக் ட்ரூப் வந்திருந்தாங்க, அதுல ஓரமா நின்ன அண்ணன் கையில இருந்த கிட்டாருக்கு முதுகு ஆமை ஓடு மாதிரி உருண்டையா கருப்பா மின்னுச்சு, நடுவுல ஓட்டையே இல்ல, மேல தோள்கிட்ட இலை இலையா சின்னச் சின்ன ஓட்டைங்க. அன்னைக்கு நான் ஒரு பாட்டும் ஒழுங்கா கேக்கல, அந்த முதுகையே பாத்துட்டு நின்னேன்.

இந்த வகை கிட்டாரைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எங்க குவயர் மாஸ்டர் அதை பிளாஸ்டிக் பேசின்னுதான் சொல்வாரு, ஆம்ப் இல்லாம வாசிச்சா சளி புடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு, மடியில வெச்சா வழுக்கிட்டு ஓடுதுன்னு. (அவருக்குக் கொஞ்சம் தொப்பை, உருண்டையும் உருண்டையும் எப்படி ஒட்டும்.) ரிசப்ஷன்ல லீட் வாசிக்கிற அண்ணன் நேர் எதிர், பக்கத்துல டிரம்ஸ் அலறிக்கிட்டு இருக்கறப்போ ஃபீட்பேக் (ஸ்பீக்கர்ல வர்ற கீச்சுச் சத்தம்) அடிக்காம நிக்கிற அக்கூஸ்டிக் எதுன்னு கேட்டா இதைத்தான் காட்டுவாரு, கடக்காத்துல மரக் கிட்டாருங்க முதுகு விரிஞ்சு போறப்போ இது அப்படியே இருக்குன்னும் சொல்வாரு. ரெண்டு பேர் சொல்றதுலயும் பொய் இல்ல.

அது பொறந்த கதையே அப்படி. சார்லஸ் கமன்னு ஒரு அமெரிக்கர், ஹெலிகாப்டர் கம்பெனி நடத்துனவரு, கிட்டாரும் வாசிப்பாரு. ஹெலிகாப்டர் அதிர்வோட மல்லுக்கட்டுன இன்ஜினியருங்களையே வெச்சு, மரத்துக்குப் பதிலா ஃபைபர்கிளாஸ் சேத்த கலவைல பின்பக்கத்தை ஒரே கிண்ணமா வார்த்து, கனெக்டிகட்ல ஓவேஷன்னு கிட்டார் கம்பெனி ஆரம்பிச்சாரு, அதோட முதல் கிட்டார் 1966ல வெளிய வந்துச்சு. அந்தக் கலவைக்கு லைராகார்டுன்னு பேரு. முதுகு தட்டையா இல்லாததால உள்ள சத்தம் எதிரெதிர் பலகைல மோதி மாட்டிக்காதுன்னு கணக்கு. கிளென் கேம்பல்னு ஒரு அமெரிக்கப் பாடகர் டிவி ஷோல வாசிச்சு வாசிச்சே பாதி பேருக்கு இது தெரிய வந்துச்சு, அப்புறம் சேடிலுக்கு (பிரிட்ஜ்ல கம்பிங்க உக்காருற மெல்லிசுப் பட்டை) அடியில பீசோ பிக்கப் (அழுத்தத்தை வெச்சு கம்பி அதிர்வை ஆம்புக்கு அனுப்புறது) வந்ததும் மேடைக்காரங்க கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. நான் சொன்ன அந்த இலை ஓட்டை டிசைன் 1976ல அடாமாஸ் மாடலோட வந்தது. 66, 76, இந்த ரெண்டு வருஷத்தையும் மனசுல வெச்சுக்கோங்க. எனக்கு இதெல்லாம் கடைக்குப் போறப்போ தெரியாது, ஏமாந்த பிறகு ராத்திரி தூக்கம் வராம உக்காந்து படிச்சது.

அந்தக் கடைக்காரரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டோ பாத்துட்டு ஒரு சனிக்கிழமை என் பழைய கிவ்சன் கிட்டாரை முதுகுல மாட்டிக்கிட்டு பைக்ல கிளம்பிட்டேன், முள்ளோடை கிருமாம்பாக்கம் தவளக்குப்பம்னு மொட்டை வெயில்ல. போனதும் ஃபேனை நம்ம பக்கம் திருப்பி விட்டு டீ சொல்லி, அப்புறம் அந்தக் கதைய எடுத்தாரு. ஒயிட் டவுன்ல ரொம்ப வருஷம் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்கே திரும்பிப் போறப்போ மனசில்லாம குடுத்துட்டுப் போனாராம், ஓவேஷனாம், 65ஆம் வருஷ மாடலாம், அசல் அமெரிக்கா ஐட்டமாம். "இதெல்லாம் விக்கிற பொருளே இல்ல தம்பி, வாசிக்கிற கை பாத்து குடுக்கணும்." அந்த ஒரு வார்த்தைல விழுந்துட்டேன். கம்பெனியோட முதல் கிட்டாரே வெளிய வர்றதுக்கு முந்தின வருஷத்து கிட்டாருல, பதினோரு வருஷம் கழிச்சு வந்த ஓட்டை டிசைன், அதோட பக்கவாட்டுல டிஜிட்டல் டியூனர் வேற, பச்சை லைட்டு எரியுது! நான் அதைப் பாத்து ட்யூன் பண்ணி "கரெக்டா காட்டுதுண்ணா"ன்னு அவருக்கே சர்டிபிகேட் குடுத்தேன்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உக்காந்து வாசிச்சுப் பாக்கவான்னு கேட்டேன், "இது நின்னு வாசிக்கிற கிட்டாரு தம்பி, ஸ்ட்ராப் போட்டுக்குங்க"ன்னாரு. ஆம்ப் இல்லாம கேக்கணும்னேன், "ரவுண்ட் பேக்கோட உயிரே பிளக் பண்ணாத்தான்"னு சொல்லி ஆம்ப்ல ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) முக்கால்வாசி திருகி விட்டாரு, அந்த ரிவெர்ப்ல துடைப்பக்குச்சிய தட்டினாலும் தேனா வழியும். பின்னாடி வட்டமா ஒரு மூடி இருந்துச்சு, நடுவுல ஓட்டை இல்லாத மாடலுக்கு உள்ள கை விட வழி அதுதான், அதைத் திறந்து பாக்கலாமான்னதுக்கு "சீல் உடைஞ்சா வேல்யூ பாதியாயிடும்"ன்னாரு. இதுல கடைசியா சொன்னதைத் தவிர மத்த ரெண்டும் எங்க குவயர் மாஸ்டர் சொல்ற குறைங்கதான். அதனாலயே எனக்கு சந்தேகம் வரல. ஆமாமா, ரவுண்ட் பேக்னா அப்படித்தான்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவர் அந்தப் பேச்சை வெச்சேதான் கடையே நடத்துறாரு.

விலை 35,000. கிவ்சனுக்கு 3,000 கழிச்சுக்கிட்டாரு, மிச்சம் 32,000 ஜிபே. பில்லு கேட்டதுக்கு ஒரு துண்டு எஸ்டிமேட் பேப்பர்ல "பழைய கிட்டார் 1"ன்னு எழுதிக் குடுத்தாரு. ஓவேஷன்ங்கற பேரு அதுல இல்லங்கறதை நான் அன்னைக்கு கவனிக்கவே இல்ல. அந்த கிவ்சன் நான் ப்ளஸ் டூ முடிச்சப்போ அப்பா வாங்கிக் குடுத்தது, அதைப் பத்தி இங்க இதுக்கு மேல எழுதல.

வீட்டுக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்தேன், மடியில நிக்கல, சரி அப்படித்தான். ஆம்ப் இல்லாம தட்டினேன், தகர டப்பால உளுந்து கொட்டின மாதிரி சத்தம், சரி அப்படித்தான். பன்னெண்டாவது ஃபிரெட்ல கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துல நிக்குது, ஸ்கேல் வெச்சுப் பாத்தா ஆறாவது கம்பிக்கு 5 மில்லிமீட்டர், சாதாரணமா பாதிதான் இருக்கணும், அதே ஃபிரெட்ல ஹார்மோனிக்ஸ் (கம்பிய அமுக்காம லேசா தொட்டு வாசிக்கிறது) ஒரு சுரம் சொல்லுது அமுக்கினா வேற சொல்லுது, அதுக்கும் சரி அப்படித்தான்னுட்டேன். ஞாயித்துக்கிழமை சர்ச்ல பிளக் பண்ணா மூணாவது கம்பியும் நாலாவது கம்பியும் சத்தமே இல்ல. பேட்டரிதான்னு 9 வோல்ட் புதுசு வாங்கிப் போட்டேன். அடுத்த வாரமும் அதே. குவயர் மாஸ்டர் ஒண்ணும் சொல்லல, ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு, அவ்ளோதான்.

அப்புறம்தான் பாண்டிலயே ரிப்பேர் வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன், அவர் வேற இடம், இந்தக் கடைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. அவர் கிட்டாரை வாங்குனதும் வாசிச்சுப் பாக்கல. கவுத்துப் போட்டு கிண்ணத்தை விரல் நுனியால தட்டிக்கிட்டே வந்தாரு, ஒரு இடத்துல டொக்குனு மாறுச்சு, அங்க நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. அந்த வட்ட மூடிய கழட்டினாரு, சீலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நாலு ஸ்க்ரூ. உள்ள செல்போன் லைட்டை அடிச்சு, பல் டாக்டருங்க வெச்சிருக்குற மாதிரி குட்டிக் கண்ணாடிய விட்டு "நீயே பாரு"ன்னாரு. கிண்ணத்துல ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல், அது மேல நீளமா எம்சீல் அப்பியிருக்கு, காயறதுக்கு முன்னாடி யாரோ அமுக்கி விட்ட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. வெளிய அதுக்கு மேல கருப்பு ஸ்ப்ரே அடிச்சு பாலிஷ் போட்டிருக்காங்க, நான் ரசிச்ச அந்த மினுமினுப்பு அதுதான். லேபிள் இருந்திருக்க வேண்டிய இடத்துல கோந்து கறை மட்டும். மேல் பலகைக்கு அடியில தாங்குற கட்டை ஒண்ணு விட்டுப் போயி ஃபெவிக்கால் வழிஞ்சு காஞ்சிருக்கு, அதனாலதான் பலகை பிரிட்ஜ்கிட்ட பொம்முனு மேல வந்து கம்பி அந்த உயரத்துல நின்னிருக்கு.

கம்பிய தளர்த்திட்டு சேடிலை உருவினாரு. ஓவேஷன்ல சேடிலுக்கு அடியில உயரத்தைக் கூட்டக் கொறைக்க மெல்லிசா தகடு மாதிரி ஷிம் வெச்சிருப்பாங்க, நல்ல ஏற்பாடுன்னாரு. இதுல பழைய ரீசார்ஜ் கார்டை கத்தரிச்சு பாதி நீளத்துக்கு சொருகி வெச்சிருந்தாங்க, கார்டு முடியிற விளிம்புல சேடில் லேசா தூக்கிக்கிட்டு நிக்குது, அந்த இடத்துல பீசோ மேல அழுத்தமே இல்ல, அழுத்தம் இல்லாத கம்பி ஆம்ப்ல எப்படிக் கேக்கும். ரெண்டு கம்பி ஊமையானதுக்கு காரணம் இத்தனை வருஷமா யாரும் சொரண்டாத ஒரு ரீசார்ஜ் கார்டு. சிரிப்பு வந்துச்சு, சத்தியமா. அண்ணன் கணக்குப்படி இது ஓவேஷனே கிடையாது, பேர் போடாத மலிவு காப்பில ஹெட்ஸ்டாக்ல (கிட்டாரோட தலைல) ஸ்டிக்கர் ஒட்டி மேல லேக்கர் அடிச்சது. "நல்லா இருந்தப்போவே எட்டாயிரம் போயிருக்கும், இப்ப நான் கை வைக்க மாட்டேன்"னுட்டாரு. காசும் வாங்கல.

நேரா கடைக்குப் போனேன். வாங்கி 19 நாள். தம்பி இப்ப "சார்" ஆயிட்டேன். "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி எங்க சார் குடுப்பாங்க, நீங்கதான் வாசிச்சுப் பாத்து எடுத்துட்டுப் போனீங்க." கிவ்சனைக் குடுங்கன்னேன், வித்துட்டாராம். எஸ்டிமேட்டை நீட்டினேன், "இதுல ஓவேஷன்னு நான் எங்கயாவது எழுதியிருக்கேனா?" கேஸ் போடுவேன்னதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, "நீங்க தமிழ்நாடு, நாங்க புதுச்சேரி, எங்க போய் போடுவீங்க, தாராளமா போடுங்க"ன்னு.

இந்த பார்டர் பேச்சை நம்பி எத்தனை கடலூர்க்காரங்க முள்ளோடையோட திரும்பியிருப்பாங்களோ தெரியல, ஆனா அது தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கினவன் குடியிருக்குற ஊர் கமிஷன்லயே புகார் குடுக்கலாம், கடை எந்த மாநிலத்துல இருந்தாலும் சரி, அதாவது நான் கடலூர்லயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். பில்லு குடுக்காததும், குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்றதும் (பில்லுல கெடு எதுவும் எழுதலன்னா 30 நாள் கணக்கு) அந்தச் சட்டத்துலயே முறையற்ற வணிகம்னு எழுதியிருக்கு. இதெல்லாம் வக்கீல் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல்ல 1915க்கு போன் பண்ணி பதிவு பண்ணேன், தமிழ்லயே பேசினாங்க. கையில இருக்குறது ஜிபே ரசீது, அவர் ஸ்டேட்டஸ்ல ஓவேஷன்னு போட்டிருந்ததோட ஸ்கிரீன்ஷாட், கட்டைவிரல் ரேகையோட எம்சீல் போட்டோ. புகார் போன பிறகு கடைல இருந்து ஒரு போன், பத்தாயிரம் தரேன் கிட்டாரைக் குடுத்துட்டு முடிச்சுக்கலாம்னு. முடியாதுன்னுட்டேன், கிட்டாரைத் திருப்பிக் குடுத்தா அது நாளைக்கே வேற ஒருத்தன் முதுகுல ஏறும்.

ரவுண்ட் பேக் வாங்காதீங்கன்னு நான் சொல்லல, எனக்கு இன்னமும் ஆசை போகல. ஓவேஷன்லயே அமெரிக்காவுல செஞ்சதும் இருக்கு, கொரியா சைனால செஞ்ச செலிப்ரிட்டி, அப்ளாஸ் வகையறாவும் இருக்கு, அதுங்க மலிவு, ஆனா மோசடி இல்ல, அதைச் சொல்லி அந்த விலைக்கு வித்தா யாருக்கு என்ன. உங்களுக்குக் காட்டுற கிட்டாரை உக்காந்து வாசிங்க, ஆம்ப் இல்லாம வாசிங்க, பிளக் பண்ணா வால்யூமைத் தவிர மத்த எல்லா டயலையும் பூஜ்ஜியத்துல வெச்சு ஒவ்வொரு கம்பியா தட்டுங்க, மூடிய உங்க கையாலயே கழட்டுங்க. விட மாட்டேன்னு சொன்னா டீயோட காசை வெச்சுட்டு எழுந்து வந்துடுங்க.

நேத்து ராத்திரி இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கறப்போ என் மச்சான் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். என்னை அவர் பிளாக் பண்ணிட்டாரு, அவனை இன்னும் பண்ணல. புது ஸ்டேட்டஸ், இந்தத் தடவை சிவப்பு கலர், கீழ எழுதியிருக்கு: ஆரோவில்ல இருந்த ஜெர்மன்காரர் குடுத்துட்டுப் போனது, 1964 மாடல்.