மேலே ஏறிப் பார்க்காமல் கீழே கை வைக்காத மேஸ்திரி

போன வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி, மாமியார் படுக்கும் அறையில் சீலிங்கிலிருந்து சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. மடித்து வைத்த கம்பளி மேல் விழுந்ததால் தப்பித்தோம்.

கோபிச்செட்டிபாளையத்தில் மாமனார் 1991-ல் கட்டிய மெத்தை வீடு (கான்கிரீட் மொட்டைமாடி வீடு). சில்லு விழுந்த அந்த மூலையில் ஊறல் இருந்தது தெரிந்ததுதான். அதற்காகவே இரண்டு வருஷம் முன்பு ஒரு வாட்டர்புரூஃபிங் கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) 22,000 ரூபாய் கொடுத்திருந்தோம். மேலே வெள்ளைப் பூச்சு இரண்டு கோட், கீழே பட்டி பார்த்துப் பெயிண்ட், ஐந்து வருஷ கேரண்டி அட்டை, எல்லாம் ஒரே நாளில். சில்லு விழுந்ததும் போன் செய்தால், கேரண்டி பூச்சுக்குத்தானாம், கட்டடத்துக்கு இல்லையாம்.

அப்புறம் வந்தவர்தான் இந்த மேஸ்திரி. அறுபது வயதிருக்கும். அறைக்குள் வந்தவர் சீலிங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே மாடிப்படி எங்கே என்று கேட்டார். "அம்மிணி, மேல ஓட்டைய வுட்டுப்போட்டுக் கீழ எத்தன பூசுனாலும் அது பூச்சு இல்லீங்க, பவுடர்" என்றார். மழைக்காலத்தில் வேலையைத் தொடமாட்டேன், பங்குனியில் வருகிறேன் என்று போய்விட்டார். ஆறு மாதம் மாமியாரை ஹாலில் படுக்க வைத்தோம்.

பங்குனியில் சொன்னபடி வந்தார். மாடியில் சிமெண்டால் சின்ன வரப்புக் கட்டி, இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, இரண்டிரண்டு நாள் விட்டார். மாமியார் மூலைக்கு நேர் மேலே நின்ற தண்ணீர் சொட்டுக்கூட இறங்கவில்லை. எட்டடி தள்ளி, மழைத்தண்ணீர்க் குழாய் கைப்பிடிச் சுவரைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் நிறுத்தியபோதுதான் கீழே சொட்டியது. குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. போதாக்குறைக்குக் கொய்யா இலை குழாய் வாயை அடைத்து, ஒவ்வொரு மழைக்கும் அங்கேயே குளம் கட்டியிருக்கிறது.

தட்டோட்டைப் பெயர்த்ததும் கதை முழுதாகப் புரிந்தது. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அடித்த தளம். மாமனார் கவுந்தப்பாடியிலிருந்து வெல்லம் வாங்கி வந்ததை மாமியார் இன்னும் சொல்வார். அந்த ஜல்லி ஈரத்தைக் குடித்தாலும் வெயிலில் கக்கிவிடும். கம்பெனிக்காரர்கள் மேலே பூசிய பூச்சு அதைக் கக்க விடவில்லை. பக்கத்துக் குழாய் வழியாக உள்ளே போன தண்ணீர் அடியிலேயே தங்கிக் கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறது. பெயர்த்த ஜல்லியைக் கையில் பிழிந்து காட்டினார், பங்குனி வெயிலில்!

நாலு நாள் காயவிட்டு, குழாயைச் சுற்றி அடைத்து, தண்ணீர் ஓடும் வாட்டம் சரிசெய்து, அந்த இடத்துக்கு மட்டும் புதுத் தளம் போட்டு ஓடு பதித்தார். அப்புறம்தான் கீழே வந்தார்.

சீலிங் முழுக்கச் சுத்தியால் தட்டிப் பார்த்துச் சாக்பீஸில் வட்டம் போட்டார். நல்ல இடம் ணங் என்கிறது, பொத்தல் இடம், அதாவது உள்ளே பிடிப்பு விட்ட இடம், டொப் என்கிறது. நான் பார்த்தது தட்டு அளவு, வட்டம் போட்டது முப்பது சதுர அடி. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்குமாம். கம்பி உள்ளே ஊதித்தான் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. முட்டுக் கொடுத்துவிட்டு, பொத்தல் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்தார். இரண்டு கம்பிகள் பாதியாக இளைத்திருந்தன. பக்கத்தில் புது எட்டு எம்எம் கம்பி வைத்துக் கட்டினார். பாலிமர் கலவையை ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் அப்பவில்லை. கனமாக அப்பினால் தன் பாரத்திலேயே தொங்கிவிடுமாம். ஃபேன் கொக்கியும் துருப்பிடித்திருந்தது, அதை மாற்ற எலக்ட்ரீசியன் தனி.

மொத்தம் 41,500 ரூபாய். எனக்கு நியாயம்தான்.

குறை இல்லாமல் இல்லை. சீலிங்கைப் பாதி கொத்தியபோது பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) திருவிழாவுக்குப் போனவர், நாலு நாள் ஆளே இல்லை. போனும் எடுக்கவில்லை. பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவை வரைக்கும் தூசி. கொத்திய கப்பியை எடுத்துப் போகமாட்டார், அதற்கு வண்டி வாடகை 1,800 நம் தலையில். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

ஒரு மாதம் பெயிண்ட் பக்கமே போகக்கூடாது என்றார். நாங்கள் இன்னும் அடிக்கவில்லை. இந்த ஐப்பசி மழை மூன்று முறை நன்றாகவே பெய்தது. மூலை காய்ந்தே இருக்கிறது, மாமியார்தான் இருட்டுக் கட்டினால் இன்னமும் போசியை (பாத்திரத்தை) கொண்டுவந்து அங்கே வைத்துவிடுகிறார்.

பேரும் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லையாம். உள்ளூர்க்காரர்கள் என்னைக் கேட்டால் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் கூப்பிட்டால்தான் எடுப்பார்.