அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் டிரை சிரப்: ஏழு நாள் கொடுத்த அனுபவம்

போன மாதம் பையனுக்குச் சளி பிடித்து நாலாவது நாள், ராத்திரி முழுக்க வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூன்றரை வயது, 13 கிலோ. காலையில் 102 டிகிரி காய்ச்சல். டாக்டரம்மா காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்து வீங்கி உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லி இந்த சிரப்பை எழுதினார். 228.5 அளவு (5 மில்லியில் இருக்கும் இரண்டு மருந்துகளும் சேர்ந்த மி.கி. கணக்கு), வேளைக்கு 5 மில்லி, காலை இரவு, 7 நாள். இதே டாக்டர் இரண்டு மாதம் முன்பு வெறும் சளிக்குப் போனபோது, இது வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது என்று பாரசிட்டமாலும் மூக்குக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்தும் மட்டும் கொடுத்து அனுப்பியவர். அதனாலேயே இந்தத் தடவை அவர் எழுதியதும் தயங்காமல் வாங்கினேன்.

ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸிகைண்ட் சிவி என்று பல பெயரில் வருவது எல்லாம் இந்த மருந்துதான். அமாக்ஸிசிலின் கிருமியைக் கொல்லும், ஆனால் சில பாக்டீரியாக்கள் அதையே உடைத்துவிடும் ஒரு நொதியை வைத்திருக்கின்றன. கூட இருக்கும் கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. 1981-லிருந்து விற்பனையில் இருக்கும் பழைய ஜோடி.

முதல் சிக்கல் மெடிக்கல் ஷாப்பிலேயே வந்தது. 228.5 இல்லை என்று 457-ஐ எடுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான்மா" என்றார் கடைக்காரர். ஒன்று இல்லை. முதலாவதில் 5 மில்லிக்கு 200 மி.கி. அமாக்ஸிசிலின், இரண்டாவதில் அதே 5 மில்லிக்கு 400. வாங்கி வந்து சீட்டில் இருக்கிறபடி 5 மில்லி ஊற்றியிருந்தால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போயிருக்கும். அட்டையில் இருக்கும் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்ததால் தப்பித்தோம், வேறு கடையில் வாங்கினேன். தயவுசெய்து இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். வேறு அளவுதான் கிடைக்கிறது என்றால் டாக்டருக்கு ஒரு போன் போட்டு எத்தனை மில்லி என்று கேட்டுவிடுங்கள்.

பாட்டிலுக்குள் தூள்தான் இருக்கும், கலக்குவது நம் வேலை. கூடவே ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பி வரும். அது இல்லாவிட்டால் கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த தண்ணீர். முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும், அப்புறம் பாதித் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மீதியைக் கோடு வரைக்கும் ஊற்றி மறுபடி குலுக்கி, நுரை அடங்கியதும் அளவு இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும். அந்தக் கோடு கண்ணுக்கே தெரிவதில்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இந்த மருந்தில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு வேளையும் தப்பாகிவிடும், அப்படியிருக்க ஒரு கறுப்புக் கோடு போட்டால் என்ன?

கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் 7 நாள்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கிளாவுலானிக் அமிலம் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் இந்தக் கணக்கு. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கதவுத் தட்டிலும் வேண்டாம், திறந்து திறந்து மூடுவதில் சூடு ஏறும். 30 மில்லி பாட்டில் எங்கள் அளவுக்கு 3 நாள் வந்தது, ஆக 7 நாளுக்கு மூன்று பாட்டில். மூன்றையும் ஒரே நாளில் கலக்காமல் ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைக் கலந்தேன், மூடியில் தேதியும் எழுதி வைத்தேன்.

ஸ்பூன் வேண்டவே வேண்டாம். வீட்டில் இருக்கும் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்சு கடையிலேயே கிடைக்கிறது, ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கிவிட்டு 5 மில்லி இழுத்து, பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்பவில்லை. பால் டம்ளரில் கலந்து கொடுக்காதீர்கள், பாதி குடித்துவிட்டு வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றே தெரியாது. காலை 8, இரவு 8, சாப்பாடு ஆரம்பிக்கும்போது கொடுத்தேன். வயிற்றைப் பிரட்டுவது அப்போது குறைவு.

இருந்தாலும் இரண்டாம் நாளிலிருந்து தினம் மூன்று நாலு தடவை இளக்கமாகப் போனான். இந்த மருந்துக்கு அது சகஜம். டாக்டரிடம் கேட்டபோது, ஓஆர்எஸ் கொடுங்கள், மருந்தை நிறுத்த வேண்டாம், மலத்தில் ரத்தம் வந்தாலோ குழந்தை துவண்டு போனாலோ உடனே வாருங்கள் என்றார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இது கூடவே கூடாது. உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஓட ஆரம்பித்துவிட்டான். "நல்லாதானே இருக்கான், போதும் நிறுத்திடு" என்றார் மாமியார். அவர் சொன்னது அக்கறையில்தான், ஆனால் டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னால் நாமாக நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்பவும் தலைதூக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன், அத்தை கேட்டுக்கொண்டார்கள். ஒரு வேளை மறந்தும் போனது. ஞாபகம் வந்ததும் கொடுத்தேன், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கவில்லை.

மருந்துக்கு 5-க்கு 4 கொடுப்பேன், குறைத்த ஒன்று அந்தக் கோட்டுக்கு.

மூன்றாவது பாட்டிலில் 20 மில்லி மிச்சம். நாத்தனார் குழந்தைக்கு இருமலாம், அதைத் தர முடியுமா என்று போனில் கேட்டார். மனசு கஷ்டமாக இருந்தாலும் இல்லை என்று சொல்லி எங்கள் டாக்டர் நம்பரைக் கொடுத்தேன். மிச்ச மருந்தைப் பழைய காபித்தூளில் ஊற்றிப் பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டாயிற்று.