கேபிள் கோளாறுக்கு கிராபிக்ஸ் கார்டு மாற்றிய கதை

டிஸ்ப்ளே பிரச்சினை என்று சிபியுவை யாரிடமாவது தூக்கிக் கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் பொறுக்காமல் கொடுத்துவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டையும் (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்) ஒரு ராமையும் (மெமரி) பறிகொடுத்து நிற்கிறேன்.

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை 2 விநாடி கறுத்துப்போகும், பிறகு தானாக வரும். சில நேரம் கறுப்பான இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். ஆனால் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு மட்டும் நிற்காது. உள்ளே கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர் சிபியு மூடியைக்கூடக் கழற்றவில்லை. திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கார்டு போச்சு சார். இப்படியே ஓட்டினா போர்டையும் சேர்த்துக் காலி பண்ணிடும்." பயந்துவிட்டேன். சிபியுவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மானிட்டரும் கேபிளும் மேசையிலேயே கிடந்தன. அதாவது, கோளாறு இருந்த பொருள் என் வீட்டை விட்டு நகரவே இல்லை.

4 நாள் கழித்து 'புதுக் கார்டு' போட்டு வந்தது. அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார், எல்லாம் சுத்தம். அன்று இரவே திரை கறுத்தது. போன் செய்தால், "விண்டோஸை ஒருதரம் புதுசா போட்டுடலாம் சார், அதுக்குத் தனி சார்ஜ்."

அப்போதுதான் சந்தேகம் வந்து, கரண்டை அணைத்து, மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். புதுக் கார்டின் ஃபேன் இறக்கைகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத் தூசி, விரலால் தேய்த்தாலும் போகாமல் அப்பியிருந்தது. ஸ்குரூ தலைகள் மழுங்கியிருந்தன. பலமுறை கழற்றி மாட்டிய கார்டு! இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தால், 8 ஜிபி ராம் 2 இருந்த இடத்தில் 1. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கமும் 16 போய் 8 ஜிபி என்றே காட்டியது. கம்ப்யூட்டர் ஏன் திடீரென்று மந்தமானது என்பதும் விளங்கியது.

இனி பிரச்சினையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை திரைப் படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை, 144 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்குக் குறைத்தேன். கறுப்பது நின்றது. மறுபடி 144, மறுபடி கறுத்தது. வேகம் கூடும்போது கேபிள் வழியாகப் போகும் டேட்டாவும் கூடும். நைந்துபோன கேபிளால் அதைத் தாங்க முடியாது. டிவியிலிருந்து வேறொரு எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். இன்றுவரை ஒரு மினுக்கல் இல்லை.

உங்களுக்குக் கறுக்காமல் கோடு கோடாக வந்தால் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போனில் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கார்டு அல்லது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பக்கம் சந்தேகப்படலாம். படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர்தான். மானிட்டரின் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவிலும் கோடு ஓடினால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். திரையே வரவில்லை என்றால், கேபிளை கார்டில் மாட்டாமல் மேலே மதர்போர்டில் (உள்ளே இருக்கும் முக்கியப் பலகை) இருக்கும் துளையில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், ரொம்பப் பேர் செய்வதுதான்.

அப்படியும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மூடியைத் திறந்து உள்ளே போட்டோ எடுங்கள். கார்டிலும் ராமிலும் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் படத்தில் தெரிய வேண்டும். மாற்றிய பழைய பாகம் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் பில்லில் 'கிராபிக்ஸ் கார்டு - 1' என்பதைத் தவிர மாடலும் இல்லை, நம்பரும் இல்லை.

பழைய கார்டைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்." ராம்? "வரும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு." வாங்கின பில்லில் 2 என்று இருக்கிறதே என்றேன். "வாங்கினது ரெண்டா இருக்கலாம் சார், என்கிட்ட வந்தது ஒண்ணுதான்." பதில் சொல்ல என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.