களத்து டேட்டா லாகர்: எஸ்டி கார்டா, மோடமா?

டேட்டா லாகர் என்பது சென்சார் அளவுகளைத் தானாகப் பதிந்துவைக்கும் கருவி. பதிந்ததை எஸ்டி கார்டில் சேமிப்பதா, மொபைல் நெட்வொர்க் வழியே அனுப்பும் மோடம் வைப்பதா? பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 32 பைட் என்றால் ஒரு நாளைக்கு 4,608 பைட். ஒரு வருடத்துக்கே 2 எம்பி தாண்டாது. அதனால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. தரவு பத்திரமாகக் கைக்கு வருமா என்பதுதான் கேள்வி.

எஸ்டி கார்டுக்கு சிக்னல் வேண்டாம், மின்சாரமும் கொஞ்சம் போதும். ஆனால் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் ஃபைலே கெட்டுப்போகலாம். கார்டு 512 பைட் தொகுதிகளாகத்தான் எழுதும். 16 பதிவுகளைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதினால் பேட்டரி மிச்சம். இடையில் லாகர் நின்றால் அதிகபட்சம் இரண்டே முக்கால் மணி நேரத் தரவுதான் போகும். பேட்டரி வோல்டேஜ் இறங்கிவிட்டால் எழுதாதே என்று புரோகிராமில் ஒரு நிபந்தனையும் வைத்துவிடுங்கள். பெரிய குறை வேறு: சென்சார் பழுதானது, கார்டை எடுக்கப் போகும்போதுதான் தெரியும்.

மோடம் இருந்தால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் 2ஜி மோடம் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயர் மெலிதாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து லாகரே ரீசெட் ஆகும். மோடத்தை ஒட்டியே, அந்தக் கணத்துக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். நாளுக்கு ஒரு முறை அனுப்பினால் போதும்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் கார்டைத்தான் எடுப்பேன். இரண்டும் முடிந்தால் ரொம்ப நல்லது. அப்போதும் தரவு வந்து சேர்ந்தது என்று சர்வரிலிருந்து பதில் வரும்வரை கார்டில் உள்ளதை அழிக்காதீர்கள்.